அதிகாரிகள் கதவைத் தட்டினால்: நியூஜெர்சித் தமிழர்கள் முன்கூட்டியே செய்துவைக்க வேண்டியவை

வைகைக்கரையான் (எடிசன்):

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2025 கோடையில் எங்கள் எடிசன் நகரத்துச் சரக்குக் கிடங்குகளுக்குள் கூட்டாட்சி அதிகாரிகள் நுழைந்து தொழிலாளர்களைப் பிடித்துச் சென்றதற்குப் பிறகு, இப்பகுதித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அச்சம் பரவும் வேகத்தில் பயனுள்ள தகவல் பரவுவதில்லை. ஓக் ட்ரீ சாலையில் வெள்ளை வேன் ஒன்று நிற்கிறது என்று யாரோ எழுதுகிறார். அரை மணி நேரத்தில் அச்செய்தி எல்லாக் குழுக்களுக்கும் போய்விடுகிறது. ஆனால் அந்த வேன் யாருடையது என்று நேரில் பார்த்தவர் எவரும் இல்லை. அதைப் படித்துவிட்டு மளிகைக் கடையில் வேலை பார்க்கும் ஓர் அம்மா வேலைக்குப் போகாமலும், தன் மகனைப் பள்ளிக்கு அனுப்பாமலும் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார் என்பதை அறிந்தபோது எனக்கு மிகுந்த வருத்தமாக இருந்தது.

வரும் சனிக்கிழமை நூலக அரங்கில் ஒரு கூட்டம் நடத்த நாங்கள் சிலர் முடிவு செய்திருக்கிறோம். குடிவரவு, சுங்க அமலாக்கத் துறையினர் (இனி ஐசிஇ என்று குறிப்பிடுகிறேன்) வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ வந்தால் சட்டம் நமக்கு என்ன பாதுகாப்பு தருகிறது, ஒருவர் பிடிபட்டுவிட்டால் முதல் சில மணி நேரத்தில் குடும்பத்தார் என்ன செய்ய வேண்டும், நம் மாநிலத்தில் உண்மையாகவே உதவக்கூடிய அமைப்புகள் எவை என்ற மூன்றையும் துறை தெரிந்தவர்கள் இங்கே எழுதினால், அவற்றைத் தொகுத்து அச்சிட்டுக் கூட்டத்தில் கொடுக்க எண்ணுகிறேன்.

செங்கமலம் (நூவார்க்):

நல்ல முயற்சி. நான் வழக்கறிஞர் அல்லள். தடுத்துவைக்கப்பட்டவர்களுக்கு இலவசச் சட்ட உதவி செய்யும் ஓர் அமைப்பில் உதவியாளராகப் பணிபுரிகிறேன். எனவே நான் எழுதுவது பொதுவான தகவல் மட்டுமே. தனிப்பட்ட வழக்குக்கு வழக்கறிஞரிடமே கேட்க வேண்டும்.

முதலில் கதவைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதிலிருந்தே தொடங்குகின்றன. அமெரிக்க அரசியலமைப்பின் நான்காவது திருத்தம் வீட்டுக்குள் இருக்கும் எவருக்கும், அவருடைய விசா நிலை என்னவாக இருந்தாலும், பாதுகாப்பு அளிக்கிறது. ஐசிஇ அதிகாரிகள் வழக்கமாகக் கையில் வைத்திருப்பது ஐ-200 அல்லது ஐ-205 என்ற படிவத்தில் அமைந்த நிர்வாக வாரண்ட். அதில் கையெழுத்திடுபவர் அத்துறையின் அதிகாரியே தவிர நீதிபதி அல்லர். வீட்டாரின் சம்மதம் இல்லாமல் உள்ளே நுழைய அந்தத் தாள் போதாது என்பதே நீண்டகாலமாக ஏற்கப்பட்டுவந்த சட்ட நிலை. நீதிமன்ற வாரண்ட் என்றால் மேலே கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தின் பெயர் இருக்கும், கீழே நீதிபதியின் கையெழுத்து இருக்கும், நடுவில் உங்கள் வீட்டு முகவரி சரியாக எழுதப்பட்டிருக்கும். ஆகவே கதவைத் திறக்காமலேயே, தாளைக் கதவுக்கு அடியில் தள்ளும்படியோ ஜன்னல் கண்ணாடியில் வைத்துக் காட்டும்படியோ கேட்கலாம். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பேசுவதையும், சற்று விலகி வழிவிடுவதையும் சம்மதம் என்று அதிகாரிகள் எடுத்துக்கொள்ளக்கூடும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. இறுதி வெளியேற்ற உத்தரவு பெற்றவர்களின் வீடுகளுக்குள் ஐ-205 படிவத்தை மட்டும் கொண்டே வலுக்கட்டாயமாக நுழையலாம் என்று கூறும் ஐசிஇயின் உள் குறிப்பாணை ஒன்று, 2025 மே மாதத் தேதியிட்டது, 2026 ஜனவரியில் வெளியே வந்தது. அரசியலமைப்புக்கு முரணானது என்று பலரும் அதை எதிர்க்கிறார்கள். ஆனாலும் கதவு உடைக்கப்படும் நிலை வந்தால் கையால் தடுக்கவோ தள்ளவோ கூடாது. "நான் இதற்குச் சம்மதிக்கவில்லை" என்று உரக்கச் சொல்லிவிட்டு, நேரத்தையும் வந்தவர்களின் சட்டையில் எழுதியிருப்பதையும் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

வாசலிலேயே உரிமையைப் பயன்படுத்த வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. குற்ற வழக்கில் காவல்துறை சட்டவிரோதமாகத் திரட்டிய சான்றை நீதிமன்றம் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். குடிவரவு விசாரணையில் அந்த விதி பொதுவாகப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1984ஆம் ஆண்டு லோபஸ்-மெண்டோசா வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. அதாவது, தவறான முறையில் உள்ளே வந்து உங்களிடம் பெற்ற பதிலை வைத்தே உங்களை வெளியேற்றிவிட முடியும். பின்னால் நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கைக்கு இங்கே இடம் மிகக் குறைவு.

கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு மாணவி ரஞ்சனி ஸ்ரீனிவாசனின் விசா 2025 மார்ச்சில் ரத்து செய்யப்பட்டதும் அதிகாரிகள் அவருடைய அறைக்கு வந்தனர். நீதிபதியின் வாரண்ட் இல்லாததால் உடன் தங்கியிருந்தவர் கதவைத் திறக்கவில்லை. பின்னர் அவர்கள் நீதிமன்ற வாரண்டுடன் வந்தபோது ரஞ்சனி கனடாவுக்குச் சென்றுவிட்டிருந்தார். இரண்டு தாள்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டத்தில் விளக்க இந்த ஒரு நிகழ்வே போதும்.

மற்றவை சுருக்கமாக: எங்கே பிறந்தீர்கள், எப்படி வந்தீர்கள் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை உண்டு. பொய் மட்டும் சொல்லவே கூடாது. குறிப்பாக "நான் அமெரிக்கக் குடிமகன்" என்று பொய்யாகச் சொன்னவருக்குப் பிற்காலத்தில் எந்த வழியிலும் கிரீன் கார்டு கிடைக்காமல் போகக்கூடும். புரியாத தாள் எதிலும் கையெழுத்திடக் கூடாது.

மேழிச்செல்வன் (பார்சிப்பனி):

வணக்கம். எனக்கு ஓர் ஆட்சேபம் இருக்கிறது. தவறாக எண்ண வேண்டாம். இம்மாநிலத்துத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் எச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ முறையாக வந்து, வரி கட்டி, விதிகளை மதித்து வாழ்பவர்கள். கதவைத் திறக்காதே, வாயைத் திறக்காதே என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது தேவையில்லாத சந்தேகத்தையே வரவழைக்கும். மேலும் வெளிநாட்டவர் தம் பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறதே, அப்படியிருக்க மௌனம் எப்படிப் பொருந்தும்? இதுபோன்ற கூட்டத்தைத் தமிழர் அமைப்பின் பெயரில் நடத்தினால் அந்த அமைப்புக்குச் சிக்கல் வராதா என்பதையும் ஏற்பாட்டாளர்கள் யோசிக்க வேண்டும்.

செங்கமலம் (நூவார்க்):

ஐயா, உங்கள் கேள்வி முறையானது. கூட்டத்துக்கு வரும் பாதிப் பேர் இதையேதான் கேட்பார்கள்.

ஆவணம் பற்றி நீங்கள் சொல்வது சரி. குடிவரவுச் சட்டத்தின் 264(இ) பிரிவின்படி 18 வயது நிறைந்த வெளிநாட்டவர் பதிவுச் சான்றை உடன் வைத்திருக்க வேண்டும். கிரீன் கார்டு, வேலை அனுமதி அட்டை, நாட்டுக்குள் நுழைந்ததையும் தங்கக்கூடிய கடைசித் தேதியையும் காட்டும் ஐ-94 தாளின் அச்சு ஆகியவை அதில் அடங்கும். ஆகவே செல்லத்தக்க விசா நிலையில் இருப்பவர் தெருவில் நிறுத்தப்பட்டால் அந்த ஆவணத்தைக் காட்டுவதுதான் நல்லது. அதைக் காட்டுவது வேறு; நீதிபதியின் உத்தரவு இல்லாமல் வீட்டைத் திறந்துவிடுவதும், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருப்பதும் வேறு. முறையான விசா இல்லாதவருக்கோ பதிலளிக்காமல் இருப்பதுதான் பெரும்பாலும் ஒரே பாதுகாப்பு. இருவருக்கும் ஒரே அறிவுரையைச் சொல்லக் கூடாது என்ற அளவில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன்.

ஆனால் "முறையாக வந்தவர்களுக்கு இது பொருந்தாது" என்பதை நான் ஏற்கவில்லை. முறையாக வந்தவர் முறை தவறியவராக ஆவதற்கு அவர் குற்றம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. வேலை போனால் எச்-1பி விசாக்காரருக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம் மட்டுமே உண்டு. அது முடியும் வரை வேறு நிறுவனம் மனு செய்யவில்லை என்றால் அவரும், எச்-4 விசாவில் இருக்கும் மனைவியும் பிள்ளைகளும் சட்டபூர்வமாகத் தங்கும் நிலையை ஒரே நாளில் இழக்கிறார்கள். நம்மவர்களிடம் நான் அடிக்கடி காணும் இன்னொரு சிக்கல் ஐ-94. எச்-1பி மனு மூன்று ஆண்டுகளுக்கு ஏற்கப்பட்டிருக்கும். ஆனால் பாஸ்போர்ட் முன்னதாகக் காலாவதியாவதாக இருந்தால், விமான நிலைய அதிகாரி அந்தத் தேதி வரைக்கும் மட்டுமே ஐ-94 கொடுப்பதுண்டு. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டு, ஐ-94 தேதியைப் பார்க்காமலேயே இருந்து, தாம் நிலையிழந்து பல மாதங்கள் ஆனது தெரியாமல் அலுவலகம் போய்வந்தவர்கள் நன்கு படித்த பொறியாளர்கள். இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் இன்றே சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் தம் ஐ-94 தேதியைச் சரிபார்க்க வேண்டுகிறேன். 2025 வசந்த காலத்தில் செவிஸ் என்ற அரசின் மாணவர் விசாப் பதிவேட்டில் இருந்த ஏராளமான வெளிநாட்டு மாணவர்களின் பதிவுகள் முன்னறிவிப்பின்றி நீக்கப்பட்டு, வழக்குகள் குவிந்த பிறகு ஏப்ரல் இறுதியில் திரும்பச் சேர்க்கப்பட்டன. அவர்களில் பலர் இந்தியர்கள். அனைவரும் முறையாக வந்தவர்கள்.

அமைப்புக்குச் சிக்கல் வருமா என்ற கேள்விக்கு: உரிமைகளை எடுத்துச் சொல்வது சட்டபூர்வமான பேச்சு. ஒருவரை ஒளித்துவைப்பதும், அதிகாரியை உடல்ரீதியாகத் தடுப்பதும்தான் குற்றம். கூட்டத்துக்கு வருபவர்களின் பெயரையும் விசா விவரத்தையும் தாளில் எழுதி வாங்காமல் இருந்தால் அதுவே நல்ல முன்னெச்சரிக்கை.

நெடுந்தீவான் (ஸ்டேட்டன் தீவு):

வணக்கம். இவ்விழையில் இதுவரை எச்-1பி பற்றியே பேசப்பட்டதால், கடல் கடந்து, பல நாட்டு எல்லைகளை நடந்து கடந்து இங்கு வந்து புகலிடம் கோரிய ஈழத்தமிழர்களின் நிலையையும் எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன். நான் பல ஆண்டுகளாகப் புகலிடக் கோரிக்கையாளர்களுக்கு மொழிபெயர்ப்பாளனாக இருந்துவருகிறேன்.

துரைசிங்கம் வழக்கை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? விஜயகுமார் துரைசிங்கம் என்ற இலங்கைத் தமிழர் 2017இல் கலிபோர்னிய எல்லையைக் கடந்த சிறிது தூரத்திலேயே பிடிபட்டார். இலங்கையில் வேனில் கடத்திச் செல்லப்பட்டுக் கடுமையாகத் தாக்கப்பட்டவர் அவர். திரும்பிப் போக அஞ்சுவதற்குத் தக்க காரணம் உண்டா என்று அதிகாரி கேட்டறியும் முதல் கட்ட அச்ச நேர்காணலிலேயே அவருடைய கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. அந்த முடிவைக் கூட்டாட்சி நீதிமன்றம் ஆராய வேண்டும் என்று அவர் போராடிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2020 ஜூன் 25 அன்று, ஏழு நீதிபதிகள் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக, குடிவரவு நீதிபதியின் முழு விசாரணை இல்லாமலேயே திருப்பி அனுப்பும் துரித வெளியேற்ற நடைமுறையில் நீதிமன்ற மறுஆய்வை மட்டுப்படுத்தியது செல்லும் என்று தீர்ப்பு வந்தது. எந்த நாட்டிலிருந்து எல்லை கடந்து வருபவராயினும், இன்று அவருடைய வழக்கில் மேற்கோள் காட்டப்படுவது ஒரு தமிழரின் பெயர்.

அதனால்தான் அந்த முதல் நேர்காணல் உயிர்நாடியானது என்கிறேன். அதிகாரியிடம் "திரும்பிப் போக எனக்குப் பயமாக இருக்கிறது" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால்தான் அச்ச நேர்காணலுக்கு அனுப்பும் கடமை அவர்களுக்கு ஏற்படுகிறது. தமிழில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்க வேண்டும்; ஆங்கிலம் ஓரளவு தெரியும் என்பதற்காக அதிலேயே பேச முற்படக் கூடாது. தொலைபேசியில் வரும் மொழிபெயர்ப்பாளரின் பேச்சு விளங்கவில்லை என்றால் வெட்கப்படாமல் உடனே சொல்லிப் பதிவுசெய்ய வேண்டும். "இயக்கம்", "பெடியள்", "சுற்றிவளைப்பு" போன்ற சொற்கள் வன்னியில் எந்தப் பொருளில் வழங்கின என்பதை அறியாத ஒருவர் அவற்றை மொழிபெயர்க்கும்போது, ஒருவரின் முழு வாழ்க்கையும் தவறாகப் பதிவாகிவிடும். இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

துரித வெளியேற்றத்தை எல்லையோடு நிறுத்தாமல், இரண்டு ஆண்டு தொடர் வசிப்பைக் காட்ட முடியாதவர்கள் நாட்டின் எந்தப் பகுதியில் இருந்தாலும் அவர்கள் மேல் பிரயோகிக்க 2025 ஜனவரியில் அரசு முற்பட்டது. ஆகஸ்டில் வாஷிங்டனின் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அதைத் தடுத்து உத்தரவிட்டார். வழக்கு மேல்நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. இத்தகைய உத்தரவுகள் மாறக்கூடியவை. ஆகவே ஈராண்டுக்கு மேல் இங்கு வசிப்பவர்கள் வாடகைப் பற்றுச்சீட்டு, வைத்தியசாலைக் கடிதம், பிள்ளையின் பாடசாலைப் பதிவு போன்றவற்றின் பிரதிகளை ஒரு நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்துவைப்பது நல்லது.

2025 மே மாதம் தொடங்கி, குடிவரவு நீதிமன்றம் உள்ள நியூயோர்க்கின் 26 ஃபெடரல் பிளாசா கட்டடத்தில் விசாரணைக்கு வந்தவர்களை நடைக்கூடத்திலேயே பிடிப்பது வழக்கமாகிவிட்டது. அதற்குப் பயந்து தவணைக்குப் போகாமல் விடலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். போகாவிட்டால் நீதிபதி அவர் இல்லாமலேயே வெளியேற்ற உத்தரவு பிறப்பித்துவிடுவார். அதைவிடக் கேடு வேறில்லை. சட்டத்தரணி மூலம் காணொளி வழியாக ஆஜராக அனுமதி கேட்கலாம். கிடைக்காவிட்டால் தனியே செல்லாமல், நீதிமன்றத் துணைக்கு வரும் தொண்டர்களோடு செல்லலாம். முகவரி மாறினால் ஐந்து நாட்களுக்குள் குடிவரவு நீதிமன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். இல்லையேல் தவணைக் கடிதம் பழைய வீட்டுக்குப் போய்விடும்.

இறுதியாக ஒன்று. பிடிபட்டவர் தம் நாட்டுத் தூதரகத்தைத் தொடர்புகொள்ளச் சர்வதேச உடன்படிக்கைப்படி உரிமை உண்டு. இந்தியக் குடிமக்களுக்கு அது பெரும் உதவியாக இருக்கலாம். ஆனால் இலங்கை அரசிடமிருந்து தப்பி வந்தவர் சட்டத்தரணியைக் கேட்காமல் இலங்கைத் தூதரகத்தோடு பேசக் கூடாது. உறவினர்களும் அவசரப்பட்டு அங்கே அழைப்பு எடுத்துவிட வேண்டாம்.

கயல் (ஐஸ்லின்):

செங்கமலம் அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். உண்மைப் பெயரைச் சொல்லாமல் எழுதுகிறேன். சென்ற ஆண்டு என் அண்ணனைக் காலையில் வேலைக்குப் போகும் வழியில் பிடித்துவிட்டார்கள். அவருடன் காரில் போன நண்பர் எங்களுக்குத் தகவல் சொன்னபோது மணி ஏழு. தடுத்துவைக்கப்பட்டவர்களைத் தேடும் அரசு இணையதளத்தில் நானும் அண்ணியும் அன்று இரவு வரை அவர் பெயரை மாற்றி மாற்றி இட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் அப்படி ஒருவர் இல்லை என்றே பதில் வந்தது. அவருடைய பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் தன் பெயரும் சேர்ந்து ஒரே கட்டத்தில் இருந்ததால், விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற மூன்று எழுத்துகள்தான் இருந்தன. அந்த மூன்று எழுத்துகளை முதற்பெயராக இட்டுத் தேடியபோதுதான் அவர் இருந்த இடம் தெரிந்தது; அதற்குள் அவரை வேறு மாநிலத்துக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள்.

இடையில், கடைத்தெருவில் விசா ஆலோசனை என்று பலகை மாட்டியிருந்த ஒருவர் ஒரே வாரத்தில் வெளியே கொண்டுவந்துவிடுவதாகச் சொல்லிப் பெரும் தொகையை வாங்கிக்கொண்டார். அவர் வழக்கறிஞரே அல்லர் என்பது பிறகுதான் தெரிந்தது. அண்ணி தன் தாலிச் சங்கிலியை விற்றுக் கொடுத்த பணம் அது. மற்ற குடும்பங்களுக்கு இந்த நிலை வரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அந்த முதல் நாளில் நாங்கள் வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று சொல்லுங்கள், அக்கா.

செங்கமலம் (நூவார்க்):

கயல், நீங்களும் உங்கள் அண்ணியும் பட்ட வேதனைக்கு என்னால் ஆறுதல் சொல்லிவிட முடியாது. ஆனால் நீங்கள் எழுதிய பெயர்ச் சிக்கலை நம் மக்களைத் தவிர வேறு எவரும் இவ்வளவு தெளிவாக எடுத்துச் சொல்ல முடியாது. இது கட்டாயம் அச்சிடப்பட வேண்டும். தலைப்பெழுத்து, ஒற்றைப் பெயர், தந்தை பெயரைக் குடும்பப் பெயராக எழுதுவது ஆகியவற்றால் ஒரே தமிழருக்கு அமெரிக்க ஆவணங்களில் இரண்டு மூன்று பெயர் வடிவங்கள் இருக்கும். அந்த இணையதளமோ எழுத்துக்கு எழுத்துப் பொருந்தினால்தான் விடை சொல்லும். ஆகவே விசா, ஐ-94, ஓட்டுநர் உரிமம் ஆகிய மூன்றிலும் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு தாளில் எழுதி, பிறந்த நாட்டையும் பிறந்த தேதியையும் குறித்து வீட்டில் வைக்க வேண்டும். "ஏ" என்ற எழுத்தில் தொடங்கும் அந்நியர் பதிவு எண் இருந்தால் பெயர்க் குழப்பமே இல்லை. கிரீன் கார்டிலும் வேலை அனுமதி அட்டையிலும் அந்த எண் இருக்கும். அந்த எண் இருந்தால் குடிவரவு நீதிமன்றத்தின் தானியங்கித் தொலைபேசியில் (1-800-898-7180) விசாரணைத் தேதியையும் கேட்டறியலாம்.

முதல் மணி நேரங்கள் ஏன் முக்கியம் என்றால், ஆட்கொணர்வு மனுவைப் பொதுவாக அவர் அடைக்கப்பட்டிருக்கும் மாவட்டத்தின் கூட்டாட்சி நீதிமன்றத்தில்தான் தாக்கல் செய்ய வேண்டும். நியூஜெர்சியில் பிடிபடுபவர்களை முதலில் நூவார்க்கின் டெலனி ஹால் அல்லது எலிசபெத் தடுப்பு மையத்தில் வைப்பார்கள். அங்கிருந்து லூசியானாவுக்கோ டெக்சாஸுக்கோ மாற்ற அதிக நேரம் பிடிப்பதில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாலஸ்தீன ஆதரவுப் போராட்டங்களில் முன்னின்ற மஹ்மூத் கலீல் 2025 மார்ச்சில் நியூயார்க்கில் கைதானபோது, அவருடைய வழக்கறிஞர்கள் அன்று இரவே விழித்திருந்து அதிகாலையில் மனுவைத் தாக்கல் செய்தார்கள். அந்த நேரத்தில் அவர் எலிசபெத்தில் இருந்தார். சில மணி நேரத்தில் லூசியானாவுக்குக் கொண்டுபோகப்பட்டாலும், வழக்கு லூசியானாவுக்குப் போகாமல் நியூஜெர்சி நீதிமன்றத்துக்கு வந்தது. அந்த வழக்கு மேல்முறையீட்டில் பின்னர் வேறு காரணங்களால் சிக்கலுக்கு உள்ளானது உண்மைதான். ஆனாலும் மனு எந்த மணிக்குத் தாக்கலாகிறது என்பது எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதற்கு அது தெளிவான சான்று.

யாரை அழைப்பது? குடிவரவு வழக்கில் அரசுச் செலவில் வழக்கறிஞர் கிடையாது. சொந்தச் செலவில் வைத்துக்கொள்ளலாம் என்று மட்டுமே சட்டம் கூறுகிறது. நியூயார்க்கில் 2013இல் தொடங்கப்பட்ட பொது வழக்கறிஞர் திட்டத்தை ஆராய்ந்த வேரா என்ற நீதித்துறை ஆய்வு நிறுவனம், வழக்கறிஞர் இல்லாதபோது 4 விழுக்காடாக இருந்த வெற்றி வாய்ப்பு, வழக்கறிஞர் இருந்தால் 48 விழுக்காடாக உயரும் என்று மதிப்பிட்டது. நம் மாநிலத்தில் 2018இலிருந்து இதற்கென அரசு நிதி ஒதுக்கப்படுகிறது. அமெரிக்கன் ஃப்ரெண்ட்ஸ் சர்வீஸ் கமிட்டியின் நூவார்க் அலுவலகம், லீகல் சர்வீசஸ் ஆஃப் நியூஜெர்சி, ரட்கர்ஸ், சீட்டன் ஹால் சட்டப் பள்ளிகளின் உதவி மையங்கள் ஆகியவை தடுப்பில் இருப்பவர்களுக்குக் கட்டணமின்றி வாதாடுகின்றன. எல்லா வழக்குகளையும் அவர்களால் ஏற்க முடியாது. ஆனால் முதலில் அழைக்க வேண்டிய இடங்கள் இவைதாம். ஃபர்ஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் அமைப்பினர் தடுப்பு மையங்களுக்குச் சென்று உள்ளே இருப்பவர்களைப் பார்க்கிறார்கள். மேக் தி ரோடு நியூஜெர்சி, தொழிலாளர்களுக்குத் துணைநிற்கிறது. கணவரின் விசாவைச் சார்ந்து இருந்துகொண்டு வீட்டில் வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கு, தெற்காசியப் பெண்களுக்காக 1985இல் நியூஜெர்சியில் தொடங்கப்பட்ட மானவி அமைப்பு இருக்கிறது. அப்பெண்களுக்குத் தனிப்பட்ட விசா வழிகள் உண்டு என்பதால் இதைத் தனியே குறிப்பிடுகிறேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் குவீன்ஸில் ட்ரம் என்ற தெற்காசியத் தொழிலாளர் அமைப்பும், மன்ஹாட்டனில் ஆசிய அமெரிக்கச் சட்டப் பாதுகாப்பு நிதியமும் உள்ளன.

பணம் கொடுக்கும் முன், உங்களுக்காக வாதாட முன்வருபவர் மாநில வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு பெற்றவரா, அல்லது அமெரிக்க நீதித் துறையின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியா என்று கேளுங்கள். இரண்டையும் இணையத்தில் சரிபார்க்கலாம். முடிவுக்கு உத்தரவாதம் தருபவர் யாராக இருந்தாலும் அவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

ஜாமீன் பற்றி: விசாவில் வந்து காலம் கடந்து தங்கியவர் நீதிபதியிடம் ஜாமீன் கேட்கலாம், குறைந்தபட்சத் தொகை 1,500 டாலர், நடைமுறையில் அதைவிடப் பன்மடங்கு கேட்கிறார்கள். சோதனைச் சாவடி வழியாக அல்லாமல் எல்லை கடந்து வந்தவர்களுக்கு ஜாமீன் வழங்கக் குடிவரவு நீதிபதிகளுக்கு அதிகாரம் இல்லை என்று 2025 செப்டம்பரில் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் முடிவெடுத்தது. பல கூட்டாட்சி நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. எனவே அப்படி எல்லை கடந்து வந்தவர்களுக்கு ஆட்கொணர்வு மனுதான் இப்போதைக்கு வழி.

இளவேனில் (பிளெயின்ஸ்பரோ):

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. பெற்றோர் இருவரையும் ஒரே நாளில் இழந்து நின்ற பிள்ளையைப் பள்ளி அலுவலகத்தில் பார்த்தவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

பள்ளியில் கொடுத்திருக்கும் அவசரத் தொடர்புப் பட்டியலில் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்கள் தாய், தந்தை பெயரோடு நிறுத்திவிடுகின்றன. மூன்றாவதாக, அருகிலேயே வசிக்கும், பிள்ளையை அழைத்துச் செல்ல அனுமதி பெற்ற ஒருவரின் பெயர் இருந்தே ஆக வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைக்கு அமெரிக்கக் கடவுச்சீட்டு இப்போதே எடுத்துவையுங்கள். 16 வயதுக்கு உட்பட்டவருக்குத் தாய் தந்தை இருவரும் நேரில் வர வேண்டும், அல்லது வராதவர் நோட்டரி முன் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் வேண்டும். ஒருவர் தடுப்பில் இருக்கும்போது அந்தக் கையெழுத்தை வாங்குவது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பின்னர் குடும்பம் முழுவதும் இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்தால், அந்தப் பிள்ளைக்கு ஓசிஐ அட்டையோ (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தருவது) இந்திய விசாவோ வேண்டும். தற்காலிகப் பாதுகாவலரை நியமிக்கும் ஆவணத்தை வழக்கறிஞர் மூலம் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். ஒவ்வொரு மாநிலத்திலும் விதி வேறு. நியூயார்க்கில் குடிவரவுக் காரணத்தால் பிரிய நேரும் பெற்றோரும் முன்னேற்பாடாகப் பாதுகாவலரை நியமிக்கும்படி 2018இல் சட்டம் திருத்தப்பட்டது.

எந்தப் பிள்ளைக்கும் விசா நிலை பார்க்காமல் பொதுப் பள்ளியில் இடம் தர வேண்டும் என்று 1982இல் பிளைலர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது இன்றும் செல்லும். பள்ளி, மருத்துவமனை, கோயில் போன்ற இடங்களில் நடவடிக்கையைத் தவிர்க்க வேண்டும் என்று முன்பு ஐசிஇக்கு இருந்த வழிகாட்டுதல் 2025 ஜனவரியில் விலக்கப்பட்டது உண்மை. அதற்காகப் பிள்ளையை வீட்டில் நிறுத்திவைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பள்ளியின் வகுப்பறைப் பகுதிக்குள் நுழையவும் நீதிபதியின் வாரண்ட் வேண்டும் என்பதே எங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

மேழிச்செல்வன் (பார்சிப்பனி):

செங்கமலம் அம்மா எழுதியதைப் படித்த பிறகு என் ஐ-94 தேதியையும் என் மருமகளின் தேதியையும் பார்த்துவிட்டேன்; இரண்டும் சரியாக உள்ளன. கூட்டத்தைப் பற்றிய என் ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுகிறேன். அறிவுரைகளை இரண்டு தாள்களாகப் பிரித்து, விசா உள்ளவர்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என்று கொடுக்க வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

இரண்டு கேள்விகள். அக்கம்பக்கத்தில் ஒருவரைப் பிடிக்கும்போது நாம் கைபேசியில் படமெடுக்கலாமா? உள்ளூர்க் காவல்துறையை அழைத்தால் அவர்கள் ஐசிஇயிடம் சொல்லிவிடுவார்களா?

செங்கமலம் (நூவார்க்):

ஐயா, உங்கள் மனநிலைக்கு நன்றி. இரண்டு தாள் யோசனை மிகவும் நல்லது.

பொது இடத்தில் காவலர்கள் பணியாற்றுவதைப் பதிவுசெய்யும் உரிமையை, நியூஜெர்சியும் பென்சில்வேனியாவும் அடங்கிய மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் ஃபீல்ட்ஸ் வழக்கில் உறுதிசெய்தது. சில அடி தள்ளி நின்று, அவர்கள் பாதையில் குறுக்கிடாமல் எடுக்க வேண்டும். பிடிபட்டவரின் முகத்தைவிட அதிகாரிகளின் சீருடை, வண்டி எண், தெருப் பெயர் ஆகியவை பதிவாவது வழக்குக்கு உதவும். பிடிபடுபவரிடம் அவர் பெயரையும், யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதையும் உரக்கக் கேளுங்கள். அந்தப் பதிவை உடனே முகநூலில் போடாமல் குடும்பத்திடமோ வழக்கறிஞரிடமோ கொடுங்கள். விசா நிலை உறுதியாக இல்லாதவர் இந்தப் பொறுப்பை ஏற்க வேண்டாம்.

காவல்துறை பற்றி: நியூஜெர்சித் தலைமை வழக்கறிஞர் 2018இல் பிறப்பித்த குடியேறியோர் நம்பிக்கை ஆணையின்படி, உள்ளூர்க் காவலர்கள் குடிவரவு நிலைக்காக மட்டும் யாரையும் நிறுத்தவோ கைது செய்யவோ கூடாது. விசாரிக்கும் குற்றத்தோடு தொடர்பு இல்லாதபோது அந்த நிலையைக் கேட்கவும் கூடாது. அந்த ஆணை செல்லும் என்று 2021இல் மூன்றாம் வட்டார நீதிமன்றமும் கூறிவிட்டது. திருட்டோ அடிதடியோ நடந்தால் 911ஐ அழைக்கத் தயங்க வேண்டாம். கடுமையான குற்றங்களில் விதிவிலக்குகள் இருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கடை, உணவகம் நடத்துபவர்களுக்கு: வாடிக்கையாளர் அமரும் பகுதிக்குள் யாரும் வரலாம். சமையலறை, கிடங்கு, அலுவலக அறை ஆகியவற்றுக்குள் வர உரிமையாளரின் சம்மதமோ நீதிபதியின் வாரண்டோ வேண்டும். "பணியாளர்களுக்கு மட்டும்" என்ற பலகையை அந்தக் கதவில் மாட்டி, முன்னால் நிற்கும் ஊழியருக்கு "சம்மதம் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை, உரிமையாளரை அழைக்கிறேன்" என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லப் பழக்குங்கள். ஊழியர்களின் வேலை செய்யும் தகுதியைக் காட்டும் ஐ-9 படிவங்களைப் பார்க்க வருபவர்கள் மூன்று வேலை நாள் அவகாசம் கொடுத்தாக வேண்டும்.

வைகைக்கரையான் (எடிசன்):

அனைவருக்கும் நன்றி. மேழிச்செல்வன் ஐயா சொன்னபடி இரண்டு தாள்களாகவே அச்சிடுகிறோம். கயல் அவர்கள் எழுதிய பெயர் விவரத்துக்கு ஒரு தனிப் படிவம் தயாரித்திருக்கிறேன். விசாவில் உள்ளபடி பெயர், ஐ-94இல் உள்ளபடி பெயர், உரிமத்தில் உள்ளபடி பெயர், ஏ-எண், பிறந்த நாடு, ஐ-94 முடியும் தேதி, மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டிய இரண்டு தொலைபேசி எண்கள் என்று அதில் கட்டங்கள் இருக்கும். உள்ளே கைபேசியை வாங்கிவிடுவார்கள் என்பதால் எண்களை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். படிவத்தை நிரப்பி அவரவர் வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் எதையும் திரும்ப வாங்க மாட்டோம். கூட்டத்தில் வருகைப் பதிவும் கிடையாது, புகைப்படமும் கிடையாது.

நெடுந்தீவான் அவர்களே, ஈழத்தமிழ் வழக்கு அறிந்த மொழிபெயர்ப்பாளர்கள் தேவை என்று நூவார்க் அமைப்புகள் இரண்டில் விசாரித்தபோது சொன்னார்கள். உங்களுக்குத் தெரிந்தவர்களில் வார நாள்களில் பகலில் தொலைபேசியில் கிடைக்கக்கூடியவர்கள் யார் என்று தனிமடலில் தெரிவித்தால், சனிக்கிழமைக்குள் பட்டியலை அந்த அமைப்புகளுக்கு அனுப்பிவிடுவேன்.

நெடுந்தீவான் (ஸ்டேட்டன் தீவு):

இன்றிரவே அனுப்புகிறேன். வன்னிப் பேச்சும் மட்டக்களப்புப் பேச்சும் தெரிந்த நால்வர் சம்மதித்திருக்கிறார்கள். அவர்களில் இருவர் பெண்கள். பெண் கோரிக்கையாளர்களிடம் ஆண்களால் கேட்க முடியாதவற்றை அவர்கள் கேட்பார்கள் என்பதால் அதையும் பட்டியலில் குறித்திருக்கிறேன். சனிக்கிழமை நானும் வருகிறேன்.